நோவாத சிஸ்டரும் நீல மூடிக் குழாயும்

இன்றைக்குக் காலையிலும் ஒருவர் கேட்டுவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கழுத்தை நீட்டி உள்ளே பார்த்து, "அந்த நோவாத சிஸ்டர் இல்லியாம்மா?" என்றார். அவள் போய் வருஷக்கணக்காகிறது என்று சொன்னேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் வேறு வழியில்லாமல் உள்ளே வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் இன்னும் ஊசியையே பிரிக்கவில்லை. அதற்குள் பல்லைக் கடிக்கிறார் மனுஷர்.

விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிற வழியில், ஒரு பேக்கரிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருக்கிறது நான் வேலை செய்யும் லேப். லேப் என்று பெயர்தான். ரத்தம் எடுத்து, குழாயில் பிடித்து, பெயரை ஒட்டி, பெட்டியில் அடுக்கி, மெயின் லேபுக்குப் போகும் பைக்கில் ஏற்றிவிடுவதோடு எங்கள் வேலை முடிந்தது. சோதனையெல்லாம் அங்கே. இங்கே இரண்டு நாற்காலிகள், நடுவில் ஒரு பச்சைத் திரை. ஒன்றாம் நாற்காலி என்னுடையது. இரண்டாம் நாற்காலி அவளுடையதாக இருந்தது.

அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஜனங்களுக்கும் அது தேவைப்படவில்லை. நம் ஆட்கள் நோவாத சிஸ்டர் என்பார்கள். கன்னடக்காரர்கள் "நோவே ஆக்லில்ல நோடி" என்று, வலிக்கவேயில்லை பார் என்று, பக்கத்தில் இருப்பவரிடம் கையைக் காட்டிக்கொண்டே எழுந்திருப்பார்கள். சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர், வழியில் இருக்கிற அத்தனை லேபையும் தாண்டி பஸ் ஏறி இவளிடம் வருவார். என்னை எல்லோரும் "இன்னொரு மேடம்" என்பார்கள். அவளுக்கு ஏழெட்டு வருஷம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள் நான். நான் இன்னொரு மேடமாம்!

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். வயிறு எரியாமல் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேச என்னால் முடியாது. எரிந்துகொண்டே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அவளுடைய சமாச்சாரம் ஒன்றே ஒன்றுதான். யாருக்கும் வலிக்கக் கூடாது. ஈ எறும்புக்குக்கூட. லேபில் ஒரு கரப்பான் வந்தால் அதைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே போய் ஜெராக்ஸ் கடைக்குள் விட்டுவிட்டு வருவாள். நோயாளி உட்கார்ந்ததும் ஊசியைத் தொடமாட்டாள். முதலில் கையுறையோடு இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துக்கொள்வாள். டிசம்பர் மாதத்துக் காலையில் நம் விரல் பட்டாலே ஜனங்கள் நெளிவார்கள், அதற்காக. தேய்த்த கையை அவர்கள் முழங்கை மடிப்பில் வைத்துக்கொண்டு, ரொம்ப முக்கியமான விஷயம் போலக் கேட்பாள்:

"நேத்து ராத்திரி என்ன கொழம்பு?"

யாரால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியும்? "கருவாட்டுக் கொழம்பும்மா... இல்ல இல்ல, அது முந்தாநேத்து. நேத்து முருங்கக்கா சாம்பாரு" என்று அவர்கள் யோசித்துச் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திவிட்டிருப்பாள். "ஆச்சா? எப்ப குத்துன?" என்பார்கள். இந்த "எப்ப குத்துன"வைத் திரைக்கு இந்தப் பக்கம் நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. என் நாற்காலி காலியாக இருக்கும். "இங்க வாங்க, இங்க யாரும் இல்ல" என்று கூப்பிடுவேன். "பரவால்ல மேடம், வெயிட் பண்றோம்" என்பார்கள்.

நானும் ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். குண்டாக ஓர் அம்மா, அவசரத்தில் என் நாற்காலியில் மாட்டிக்கொண்டவர். நானும் கையைத் தேய்த்துக்கொண்டு, சிரித்த முகமாக, "நேத்து என்ன கொழம்பும்மா?" என்றேன். அந்த அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "ஏம்மா, அதையும் டெஸ்ட் பண்ணுவீங்களா?" என்றார். திரைக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. அன்றோடு விட்டேன்.

என் கை மோசமான கை இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும். வயதானவர்களின் நரம்பு லேசில் பிடிபடாது. ஊசி போன பிறகும் நழுவும், பாதியில் சுருங்கிக்கொள்ளும். அப்போது ஊசியை உள்ளேயே வைத்து, கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி நகர்த்தி மறுபடியும் பிடிக்க வேண்டும். வலிக்கும்தான். ஆனால் வேண்டிய ரத்தம் வந்துவிடும். நான் அப்படித்தான் செய்வேன். அவள் செய்யவே மாட்டாள். நரம்பு சுருங்கினால் "போதும் போதும், பாவம்" என்று உடனே ஊசியை எடுத்துவிடுவாள். ஜனங்கள் என்னவோ நான் அவர்கள் கையில் கிணறு தோண்டியதுபோலப் பேசுவார்கள்.

வியாழக்கிழமைகளில் கோயில் கூட்டம் முழுக்க எங்கள் தெருவில்தான். பூசை முடிந்து போகும்போது அவளுக்கு யாராவது ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போவார்கள். பப்ஸ், கேக், ரம்ஜான் மாதத்தில் பாய் வீட்டு பிரியாணி. எனக்கும் ஒரு தடவை ஒருவர் தேடிவந்து ஒரு குடையைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு சிரித்தேன். "இத யாரோ வெளிய மறந்துட்டுப் போய்ட்டாங்க மேடம், கேட்டா குடுத்துடுங்க" என்றார்.

அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. எனக்கு விஷயம் தெரியும். எந்தக் குழாயில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று தெரிந்து வேலை செய்பவள் நான். அவளுக்கு மூடியின் நிறம் தெரிந்தால் போதும். அதிலும் இந்த நீல மூடிக் குழாய் இருக்கிறதே, அது எனக்குப் பிடித்த குழாய். அதற்குள் அடியில் கொஞ்சம் நீர் முதலிலேயே இருக்கும். பார்த்தால் வெறும் தண்ணீர். தண்ணீர் இல்லை, சோடியம் சிட்ரேட். எலுமிச்சம்பழத்தில் இருக்கும் புளிப்போடு சோடியம் சேர்ந்தால் வருகிற உப்பு. வெள்ளையாக, சர்க்கரைப் பொடி போல இருக்கும், தண்ணீரில் உடனே கரையும். நாக்கில் வைத்தால் கரிக்கும், கூடவே லேசாகப் புளிக்கும். மூத்திர எரிச்சலுக்கு டாக்டர் எழுதித் தரும் மருந்தில் இந்த வகை உப்புதான் இருக்கும். பிள்ளைகள் தின்கிற சீஸ், சூட்டில் எண்ணெய் பிரியாமல் வழவழவென்று உருகுவதும் இதனால்தான். ரத்ததானப் பையில் ரத்தம் கட்டியாகாமல் இருப்பதும் இதனால்தான்.

ரத்தம் உறைய கால்சியம் வேண்டும். சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விடாது. மெயின் லேபில் மறுபடி அளந்து கால்சியம் சேர்ப்பார்கள். அப்போது ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. அதனால் நீல மூடியில் மட்டும் அளவு தப்பக் கூடாது. குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும். ரத்தம் அந்தக் கோடு வரைக்கும் வந்தாக வேண்டும். குறைந்தால் உப்பு மிஞ்சிவிடும், மிஞ்சின உப்பு அவர்கள் சேர்க்கிற கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும், ரத்தம் தண்ணீராக ஓடுகிறதென்று பொய்யாக ரிசல்ட் வரும். அவள் வந்த புதிதில் பாதிக் குழாயோடு அனுப்பப் பார்த்தாள். எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். "கோடு வந்தாதான் அனுப்பணும், இல்லன்னா அனுப்பாத!" அவள் தலையை ஆட்டினாள். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு ஜில்லென்று இருந்தது.

ஒரு மழைக்காலத்தில், வழக்கமாக வருகிற ஒருவரின் பிள்ளைக்கு டெங்கு என்று அவள் தட்டணுக்கள் கொடுக்கப் போனாள். நம் ரத்தத்தை மெஷினுக்குள் விட்டு, தட்டணுவை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பி நமக்கே ஏற்றுவார்கள். அதில் சிட்ரேட் கலந்திருக்கும். மத்தியானம் லேபுக்கு வந்தவள் உதட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, ஒதடெல்லாம் குறுகுறுங்குது. எறும்பு ஊர்ற மாதிரி. எனக்கு எதாவது ஆயிடுமா?"

"ஒண்ணும் ஆகாது. சிட்ரேட் ஒன் ஒடம்புல இருக்கற கால்சியத்தப் புடிச்சிக்கிச்சு. பால் குடிச்சா சரியாப் போய்டும்."

பேக்கரியில் சூடாக ஒரு டம்ளர் பால் வாங்கிவந்து கொடுத்தேன். குழந்தை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். மறுநாள் வந்தவர்கள் போனவர்கள் எல்லோரிடமும் "அக்காதான் என்னக் காப்பாத்துனாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, "பிளேட்லெட் குடுத்தியாம்மா? நீ நல்லா இருக்கணும்" என்றார்கள். பால் வாங்கிக் கொடுத்தவளை யார் பார்க்கிறார்கள்?

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் அப்பாவையும் அவள் எடுத்துக்கொண்டாள்.

அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் வேலை செய்தவர். சுரங்கம் மூடியபின் மர்பி டவுனுக்குக் குடிவந்தோம். அம்மா போய்விட்டாள். அப்பாவும் நானும்தான். அவர் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய் உலோகத்தில் செய்த வால்வு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் டிக் டிக் என்று கேட்கும். அந்த வால்வில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. மாதம் ஒரு தடவை நீல மூடியில் ரத்தம். அதில் ஓர் எண் வரும். எண் ஏறினால் ரத்தம் ரொம்ப நீர்த்துவிட்டது, மாத்திரையைக் குறைக்க வேண்டும். இறங்கினால் கெட்டியாகிறது, கூட்ட வேண்டும். அவ்வளவுதான், ஆனால் உயிர் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

முதலில் நான்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் என் நாற்காலியில் கூட்டம் (ஆமாம், அன்றைக்கு அவள் தாமதம்). அப்பா திரைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். அவள் வந்தாள். "அக்காவோட அப்பான்னா எனக்கும் அப்பாதான்" என்றாள். கையைத் தேய்த்தாள். கொழம்பைக் கேட்டாள். அப்பா சிரித்துச் சிரித்துப் பேசுவதைக் கேட்டேன். வீட்டில் என்னிடம் "ஏம்மா, சோறு", "ஏம்மா, மாத்திர" என்பதற்கு மேல் பேசாத மனுஷர், அவளிடம் வேலூர்ப் பக்கத்துக் கொழம்புக்கும் கோலார் கொழம்புக்கும் வித்தியாசம் சொல்கிறார்! அவள் அவர் நெஞ்சருகே காதை வைத்து, "அப்பா, உங்க கடியாரம் கரெக்டா ஓடுது" என்றாள்.

"ஒனக்குக் கேக்குதா கண்ணு?" என்றார் அப்பா.

கண்ணு. என்னை ஒரு நாள் கூப்பிட்டதில்லை அப்படி. அதற்கப்புறம் மாதாமாதம் நேராக அவள் நாற்காலிக்குத்தான் போவார். பார்க்கப் பிடிக்காமல் அந்த நேரத்துக்கு நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

அந்த வருஷம் அப்பாவின் எண் ஏற ஆரம்பித்தது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். மறு மாதமும் எண் உயரத்தில்தான். இன்னும் குறைத்தார். "வயசாவுது, ரத்தம் நீத்துப் போவுது" என்று அப்பாவே காரணம் சொல்லிக்கொண்டார். நானும் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. "என்னப்பா?" என்றேன். வாய் ஒரு பக்கம் கோணி, ஏதோ சொல்கிறார், சொல்லே வரவில்லை. இடது கை தொங்குகிறது. ஐயோ என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஆட்டோக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்த பிரஷ்ஷோடு ஓடிவந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் கை அசைந்தது, பேச்சும் திரும்பியது. சாமி புண்ணியம். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு சின்ன வயசு டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ரத்தம் ரொம்ப கெட்டியா இருக்கு. மாத்திரையே போடாதவங்களுக்கு இருக்கற மாதிரி இருக்கு. நீங்க லேப்லதானே வேலை செய்றீங்க? அப்பாவுக்கு மாத்திரை குடுக்கணும்னு தெரியாதா?"

நான் கொடுத்தேன். ஒரு வேளை தவறியதில்லை. நான்கு நாளைக்கு முன்னால் எடுத்த எங்கள் லேப் ரிப்போர்ட்டை நீட்டினேன், அதில் எண் உயரத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பொய் ரிப்போர்ட் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தேன். ஒரே மனுஷர், ஒரே மாத்திரை. நாலு நாளில் ரத்தம் எப்படித் தலைகீழாக மாறும்? அங்கே தப்பா, இங்கே தப்பா?

மறுநாள் லேபுக்குப் போனேன். அன்றைக்கு டீ குடிக்கப் போகவில்லை. திரையை ஒரு விரற்கடை விலக்கி வைத்துக்கொண்டு, அவளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் பார்ப்பது எனக்கொன்றும் புதிய வேலை இல்லை. அவள் தலை வாருவதிலிருந்து டிபன் பாக்ஸை மூடுவது வரை எனக்கு மனப்பாடம். ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார், அவருக்கும் நீல மூடி. கொழம்பு கேட்டாள். கத்தரிக்காய் காரக்கொழம்பாம். ரத்தம் பாதிக் குழாய் வந்ததும் நரம்பு சுருங்கிவிட்டது. "போதும் போதும்" என்று எடுத்துவிட்டாள். அடுத்த கையில் மெல்லிய ஊசியால் இன்னொரு நீலக் குழாயில் பாதி. பாட்டி "எப்ப குத்துன?" என்று கேட்டுவிட்டு ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். பாட்டி போனதும் அவள் இரண்டு மூடியையும் திறந்தாள். ஒரு குழாயில் இருந்ததை இன்னொன்றில் ஊற்றினாள். கோடு சரியாக வந்தது. மூடினாள், ஆட்டினாள், பெயரை ஒட்டினாள்.

திரையை விலக்கிக்கொண்டு போனேன்.

"என்னடி பண்ற?"

"இன்னா அக்கா?"

"ரெண்டத்தையும் எதுக்கு ஒண்ணா ஊத்துன?"

"பாதியிலயே நின்னுடுது அக்கா. உள்ள போட்டுத் துழாவுனா பாவம், வலிக்குமில்ல? அதான் ரெண்டு கையிலயும் பாதி பாதி. சேத்து ஊத்துனா கோடு வந்துடுது." என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "நீங்கதானே அக்கா சொன்னீங்க, கோடு வந்தாதான் அனுப்பணும்னு?" என்றாள்.

"எங்க அப்பாவுக்கும் இப்படித்தானா?"

"அப்பாவுக்கு எப்பவுமே இப்படித்தான் அக்கா. அவருக்கு நரம்பே நிக்கறதில்ல."

அறைந்திருப்பேன். கை எழவில்லை. அவளை நாற்காலியில் உட்காரவைத்துச் சொன்னேன். ஒரு குழாய்க்கு எவ்வளவு சிட்ரேட்டோ அவ்வளவும் ஒவ்வொரு குழாயிலும் முதலிலேயே போட்டிருக்கிறார்கள். இரண்டு பாதியை ஊற்றினால் ரத்தம் ஒரு குழாய் அளவு, உப்பு இரண்டு குழாய் அளவு. "வீட்டுல ரெண்டு பேரும் தெரியாம ஒரே கொழம்புல உப்பு போட்டா எப்படி இருக்கும்? கொழம்பு அதே அளவுதான் இருக்கும். பாத்தா தெரியுமா? வாயில வச்சாதான் தெரியும். ஒனக்கு ஒதடு குறுகுறுன்னுச்சே, அதே சிட்ரேட்டுதான். அங்க எங்க அப்பா ரத்தம் தண்ணியா ஓடுதுன்னு காட்டிச்சு. டாக்டரு மாத்திரையக் கொறச்சாரு. நேத்து வாய் கோணிடுச்சுடி அவருக்கு."

அவள் அழவில்லை. வெளுத்துப்போய் அந்த நீலக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் நோவக் கூடாதுன்னுதான்..." என்றாள்.

சாயந்திரம் முதலாளி வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இத்தனை வருஷத்து வயிற்றெரிச்சலுக்கு ஒரு வார்த்தை. என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று கன்னடத்தில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் ஸ்கூட்டரை நிறுத்துவது கேட்டு நான் எழுந்து போவதற்குள், அவள் வாசலிலேயே போய் நின்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் தப்பு என்றாள். யார் யாருக்கு அப்படி எடுத்தாளோ அத்தனை பேரையும் கூப்பிட்டு மறுபடி எடுக்க வேண்டும் என்றாள். அக்கா கண்டுபிடிக்காவிட்டால் உயிரே போயிருக்கும் என்றாள். முதலாளி கோபப்பட்டார்தான், இல்லை என்று சொல்லவில்லை. அன்று ராத்திரியே அத்தனை டாக்டர்களுக்கும் போன் போட்டார். ஆனால் கிளம்பும்போது என்னிடம் வந்து, "எஷ்டு ஒள்ளே ஹுடுகி நோடி" என்றார். எவ்வளவு நல்ல பொண்ணு பாரு என்று. என்னிடம்!

மறுபடி ரத்தம் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் அவளே எடுக்கட்டும் என்றார்கள். நடந்ததைச் சொன்ன பிறகும்தான். அந்தக் காரக்கொழம்புப் பாட்டி, "அந்த இன்னொரு மேடமா? வேணாம்மா சாமி" என்றது என் காதிலேயே விழுந்தது.

அப்பா வீடு திரும்பிய அன்று நான்தான் அவருக்கு ரத்தம் எடுத்தேன். நரம்பு நழுவியது. துழாவினேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரே குழாய், ஒரே ஊசி, கோடு வரைக்கும். கையில் ஊதா நிறத்தில் ரூபாய்க் காசளவுக்குக் கன்றிப்போயிற்று. அந்த ரிசல்ட்டை வைத்துத்தான் டாக்டர் மாத்திரையைப் பழைய அளவுக்கு ஏற்றினார். மறுவாரம் எண் சரியான இடத்துக்கு வந்தது. அப்பா பிழைத்தது என் கையால். சந்தேகம் இருந்தால் அந்த டாக்டரைக் கேளுங்கள்.

அப்பா வீடு திரும்பிய அன்று சாயந்திரமே அவள் மர்பி டவுனுக்கு வந்தாள். கையில் ஆரஞ்சுப் பழம். அப்பா காலடியில் உட்கார்ந்து, லேபில் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். அப்பா அவள் தலையில் கையை வைத்தார். கன்றிப்போன அந்தக் கைதான்.

"அட வுடு கண்ணு. தெரியாம பண்ணதுதானே. நான்தான் நல்லாக் கீறனே. எதுக்கு அழுவுற?"

அப்புறம் என் பக்கம் திரும்பினார். நானும் ஏதோ வரும் என்று நின்றேன். பொய் சொல்வானேன், எதிர்பார்த்துத்தான் நின்றேன். கையைத் தூக்கிக் காட்டினார்.

"ஏம்மா, நீ கொஞ்சம் மெதுவா குத்தக் கூடாதா? பாரு, எப்படிக் கன்னிப் போச்சு."

சமையற்கட்டுக்குப் போய் அவளுக்கு டீ போட்டேன். சர்க்கரை போட்டேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. நன்றாக இருக்கிறது என்று குடித்தாள்.

அடுத்த மாதம் அப்பா லேபுக்கு வந்தார். நேராக எங்கே போய் உட்கார்ந்தார் என்று நினைக்கிறீர்கள்? அங்கேதான். நான் அவள் தோளருகில் போய் நின்றுகொண்டேன். ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு கண்ணில் படட்டும் என்று நின்றேன். அவள் சுடுதண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து அப்பா கையில் சுற்றினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பிரித்தபோது நரம்பு நன்றாக எழும்பி நின்றது. கொழம்பு கேட்டாள். ஒரே குத்து. ரத்தம் நிற்காமல் வந்து கோட்டைத் தொட்டது. "ஆச்சா?" என்றார் அப்பா. இப்படி ஒரு துண்டு எனக்கு ஏன் தோன்றவில்லை? அதற்கப்புறம் அங்கே இருந்தவரை அவள் ஒரு குழாய்கூடத் தப்பாக எடுக்கவில்லை. கோடும் வந்தது, நோவும் இல்லை. தப்பு செய்துகொண்டே இருந்திருந்தாலாவது என் மனசு ஆறியிருக்கும்.

கல்யாணமாகி மஸ்கட் பக்கம் போய்விட்டாள். அங்கேயும் ஏதோ லேபில்தான் வேலை என்று கேள்வி. அங்கே இருப்பவர்களும் அவளுக்கு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள்.

இப்போது அப்பாவுக்கு நான்தான். அவரால் விவேக் நகர் வரை வரமுடிவதில்லை, வீட்டிலேயே எடுத்துவிடுகிறேன். போன வாரமும் எடுத்தேன். துண்டைச் சுடுதண்ணீரில் நனைத்துச் சுற்றினேன். அவர் நெஞ்சில் அந்த டிக் டிக் கேட்டுக்கொண்டிருந்தது. நரம்பு எழும்பிற்று. கையைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டேன். வீட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு தைரியம். அவர் முழங்கை மடிப்பில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன்.

"நேத்து ராத்திரி என்ன கொழம்புப்பா?"

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நீதானேம்மா வச்ச?"

ஊசியைப் போட்டேன். "ஸ்ஸ்" என்றார்.